இணை முயல்கள்

தமிழ் மக்களுக்கு முயல் புதிய விலங்கு அன்று. நிலவில் தோன்றும் மறுவை முயல் எனச் சுட்டிக் குழந்தைகளுக்குக் கதை சொல்லி வந்தனர் முன்னோர். காட்டு முயலை வீழ்த்திய அம்பையும் யானைக்குக் குறிவைத்துத் தப்பிய வேலையும் ஒப்பிட்டு வள்ளுவர் ஒரு குறளே பாடியிருக்கின்றார். பிடிவாதக்காரனை நகையாட விரும்புவோர் நாவில், 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்னும் பழமொழி இன்றும் வழங்குகின்றது. ஆயினும், இவ்விடங்களில் எல்லாம் பேசப்படும் முயல் வேறு; இக்காலத்தில் வீடுகளில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் முயல் வேறு. இரண்டிற்கும் தமிழில் ஒரே பெயர் வழங்கி வருவதால் அவற்றின் வேற்றுமை பலருக்குப் புலப்படுவதில்லை. இம்மயக்கம் சொல்லளவில் நின்றிருப்பின் அதனால் தீங்கொன்றும் இல்லை. அது வளர்க்கும் முறையிலும் புகுந்து, வாயில்லாப் பிராணி ஒன்றை நெடுங்காலம் துன்பத்தில் வைத்துவிடுகின்றது.

கொல்லைக் காட்டிலும் கரட்டு நிலத்திலும் மாலை மயங்கும் பொழுதில் குறுக்கே பாய்ந்தோடும் முயல், பிடரியில் கருநிறம் வாய்ந்தது. அது வளை தோண்டுவதில்லை. புல்லினிடையே தன் உடல் பதியுமளவு அமைந்த சிறு பள்ளமே அதன் படுக்கை. அதன் குட்டிகள் பிறக்கும்பொழுதே உடலெங்கும் மயிர் மூடி, கண் விழித்துப் பிறக்கின்றன. பிறந்த சிறிது காலத்திலேயே தாமே ஓடித் திரிகின்றன. பெரும்பாலும் தனித்து வாழ்வதே அதன் இயல்பு. காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம்.

வீட்டு முயலின் பூர்விகமோ ஐரோப்பா. ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளிலும் பிரான்சின் ஒரு பகுதியிலும் வாழ்ந்த குழிமுயலே உலகெங்கும் வளர்க்கப்படும் முயல் இனங்கள் அனைத்திற்கும் மூதாதை. கைக்குள் அடங்கும் நெதர்லாந்துக் குள்ள முயலும், ஆட்டுக்குட்டி போலக் கிடக்கும் பிளெமிஷ் பெருமுயலும், பஞ்சுப்பொதி போன்ற அங்கோரா முயலும், காது தொங்கும் முயலும் அதன் வழித்தோன்றல்களே. கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரிலுள்ள நடுவணரசின் ஆட்டாராய்ச்சி மையத்தில் ஆடுகளோடு வளர்க்கப்படும் வெள்ளைப் பெருமுயலும் சோவியத் சின்சில்லா முயலும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

குழிமுயல் மண்ணைத் தோண்டி, ஒன்றோடொன்று இணையும் பல வளைகளை அமைத்து, கூட்டமாக வாழ்வது. அதன் குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல், தாய் தன் மார்பு மயிரைப் பிடுங்கி அமைத்த மெத்தையிற் பிறக்கின்றன. வேல்ஸ் நாட்டு இயற்கையறிஞர் ரொனால்டு லாக்லி என்பார் இக்குழிமுயல்களை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கி, அவற்றின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி 1964-இல் ஒரு நூல் வெளியிட்டார். முயல்களையே மாந்தராகக் கொண்டு ரிச்சர்டு ஆடம்ஸ் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற புதினத்திற்கு அந்நூல் பெருந்துணையாயிற்று. ஒவ்வொரு வளைக் கூட்டத்திலும் தலைமை உண்டு, முறை உண்டு, முன் உண்பதும் பின் உண்பதும் உண்டு, எல்லை காத்தலும் எல்லை மீறினோரை விரட்டலும் உண்டு. அமைதியே உருவெனத் தோன்றும் இப்பிராணிக்குள் இத்தனை அரசியல் மறைந்திருப்பதை அறியாதவர்களே, கடையிற் கண்ட இரண்டு முயல்களைக் கொண்டுவந்து ஒரே கூண்டில் விட்டு, மறுநாட் காலையில் காதறுந்த முயலைக் கண்டு திகைக்கின்றனர்.

அவ்வாறாயின் ஒன்றை மட்டும் வளர்த்தால் என்ன எனச் சிலர் வினவலாம். முயல் பிறவற்றிற்கு இரையாகும் விலங்கு. பருந்துக்கும் நரிக்கும் அஞ்சி வாழ்ந்த இனம் அது. ஒன்று மேயும்பொழுது மற்றொன்று தலை நிமிர்ந்து காவல் நிற்கும்; இடர் கண்டால் பின்னங்காலால் நிலத்தை ஓங்கி அறைந்து எச்சரிக்கும். துணையோடிருக்கும் முயல்தான் அச்சமின்றி உறங்கும். தன் நாவிற்கு எட்டாத காதின் அடியையும் கண்ணின் ஓரத்தையும் துணை முயலே நக்கித் தூய்மை செய்யும். வீட்டிலுள்ளோர் எத்துணை அன்பு காட்டினும் பகலில் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் சென்றுவிடுவர், இரவில் உறங்கிவிடுவர். முயல் விழித்து விளையாடும் வேளைகளோ விடியலும் அந்தியும். தனிமுயல் ஒன்று கூண்டின் கம்பியைக் கடித்துக்கொண்டோ, மூலையில் சுருண்டுகொண்டோ கிடப்பதைச் சாதுவான குணம் என எண்ணுவோர் பலர். அது சாதுவன்று, சோர்வு. முயலுக்குத் துணையாகக் கினிப்பன்றியை விடுவோரும் உளர். அஃது இரண்டிற்கும் தீங்கு. முயலின் ஓர் உதை சிறிய கினிப்பன்றியைக் காயப்படுத்திவிடும். முயலின் மூச்சுப்பாதையில் தங்கியிருக்கும் சில கிருமிகள் கினிப்பன்றிக்கு நோய் தரும். இருவர் மொழியும் வேறு.

முயலுக்குத் துணை முயலே. ஆனால் எத்தகைய முயல்?

கடைக்காரரும் சந்தை வியாபாரியும் 'ஒரு சோடி' என்று கூறித் தருவது பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆகும். அவர் கூறுவது சரியாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இளங்குட்டிகளில் ஆண் பெண் அறிதல் பழகியவர்க்கும் கடினம். இரண்டும் பெண் என்று வாங்கிச் சென்ற வீட்டில் மூன்று திங்களில் குட்டிகள் பிறப்பது உண்டு. இரண்டும் வெவ்வேறு பால் என்று வாங்கப்பட்டவை, பருவம் எய்தியதும் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும் இரண்டு ஆண்களாக வெளிப்படுவதும் உண்டு. ஆதலின் முயல் வந்த சில நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தெளிந்துகொள்வதே முறை.

ஆணும் பெண்ணும் அறுவை செய்யப்படாமல் ஒன்றாக வாழின் விளைவது யாது? பெண்முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். பசுவைப் போல் பருவம் வந்து சினைப்படும் வழக்கம் அதற்கில்லை; ஆணுடன் சேர்ந்த பின்னரே கருமுட்டை வெளிப்படும். குட்டி ஈன்ற அன்றே அது மீண்டும் சினைப்படவும் கூடும். ஓர் ஈற்றுக்கு ஐந்து, ஆறு, சில வேளைகளில் அதனினும் மிகுதியான குட்டிகள். அக்குட்டிகளும் நான்கு திங்களில் இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகிவிடும். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்னும் பெருநிலக்கிழார், வேட்டையாடி மகிழும் பொருட்டு, இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியிலுள்ள தம் பண்ணைக்கு வருவித்தார். அரை நூற்றாண்டிற்குள் அக்கண்டத்தின் பெரும்பகுதியில் முயற்படை பரவிப் பயிரையும் புல்லையும் அழித்தது. அதனைத் தடுக்க ஆயிரக்கணக்கான மைல் நீளத்திற்கு வேலி கட்டியும் பயனில்லாமற் போயிற்று. 1950-இல் அந்நாட்டரசு மிக்சோமா என்னும் கொடுநோயைப் பரப்பிக் கோடிக்கணக்கான முயல்களைக் கொல்ல நேர்ந்தது. தவறு முயலினது அன்று. வீட்டு முற்றத்தில் அத்துணைப் பெரிய நாடகம் நிகழாது. ஆனால், பத்துக் குட்டிகளை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று அறியாமல் ஏரிக்கரையிலும் பூங்காவிலும் விட்டுவருவோர் இருக்கின்றனர். வெள்ளை நிறமும், ஓடத் தெரியாத கால்களும், நாயை அறியாத நெஞ்சும் கொண்ட வீட்டு முயல் வெளியில் ஓரிரு நாட்கள் பிழைத்தாலே அரிது.

இதற்கு ஒரே மருந்து கருத்தடை அறுவை. ஆண்முயலுக்குக் காயடித்தல் எளிய அறுவையாகும். நான்காம் திங்கள் அளவில் செய்விக்கலாம். பெண்முயலுக்குச் சூலகத்தையும் கருப்பையையும் நீக்கும் அறுவை சற்றுப் பெரியது. இது வெறும் குட்டித் தடையன்று. நான்கு வயதைக் கடந்த பெண்முயல்களிடையே கருப்பைப் புற்று மிகப் பரவலாகக் காணப்படுகின்றது. அறுவை செய்யப்பட்டவை அந்நோயினின்றும் தப்புகின்றன. முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரையே நாடவேண்டும். நாய் பூனைகளைப் போல் அறுவைக்கு முந்திய இரவு பட்டினி போடுதல் முயலுக்குக் கூடாது. அதனால் வாந்தி எடுக்க இயலாது. ஆகையால் பட்டினியால் நன்மை இல்லை. குடல் ஓட்டம் நின்றுவிடும் இடரோ உண்டு. மற்றொரு செய்தியையும் கருத்திற் கொள்ளவேண்டும். காயடிக்கப்பட்ட ஆண்முயல் அன்றே மலடாகிவிடுவதில்லை. ஆறு வாரங்கள் வரை அதனாற் சினைப்பிடிக்கச் செய்ய இயலும். 'அறுவைதான் ஆயிற்றே' என்று மறுவாரமே பெண்முயலோடு சேர்த்துவிட்டுப் பின்னர் மருத்துவரைக் குறைகூறுவது அறியாமை.

அறுவை செய்யப்பட்ட ஓர் ஆணும் அறுவை செய்யப்பட்ட ஒரு பெண்ணுமே எளிதில் இணங்கும் இணை. ஒரே ஈற்றிற் பிறந்த இரு பெண்முயல்களும் இணங்கி வாழ்வதுண்டு. ஆயினும் எல்லைப் பற்றில் பெண்முயல் ஆணுக்குச் சிறிதும் இளைத்ததன்று. இரு ஆண்கள் சேர்ந்து வாழ்தல் அரிது. இளமையிலேயே அறுவை செய்யப்பட்ட உடன்பிறப்புகளாயின் முடியும். உடன்பிறப்புகள் எப்பொழுதும் ஒற்றுமையாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. மூன்று நான்கு திங்கள் வரை ஒன்றன்மேல் ஒன்று படுத்துறங்கியவை, பருவம் வந்த அன்றிலிருந்து பகைகொள்ளக் கூடும். நிறம், இனம், உருவம் ஆகியவை முயல்களுக்குப் பொருட்டல்ல. பெருமுயல் ஒன்று குள்ள முயலுக்கு அடங்கி நடப்பதைக் காண்பது வேடிக்கையாக இருக்கும். வயதும் சுறுசுறுப்பும் ஓரளவு ஒத்திருந்தால் போதும். துள்ளித் திரியும் இளமுயலை மூட்டு நோயுற்ற கிழமுயலோடு சேர்ப்பது இரக்கமன்று.

எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்கலாகாது. உள்ளங்கையில் அடங்கும் அழகைக் காட்டி நான்கு வாரக் குட்டியை விற்பாரும் உளர். தாய்ப்பால் மறவாத அக்குட்டிகள் பல, வயிற்றுப்போக்கால் மாண்டுபோகின்றன. வாங்குமுன் முயலைப் பொறுமையாக நோக்கவேண்டும். கண் தெளிந்து நீரொழுகாமல் இருத்தல் வேண்டும். மூக்கு உலர்ந்திருத்தல் வேண்டும். மூக்கைத் துடைத்துவிட்டு நிறுத்திய முயலை வியாபாரி காட்டலாம்; ஆனால் முன்னங்கால்களின் உட்புறத்தை மறைக்க அவர் நினைப்பதில்லை. சளி பிடித்த முயல் மூக்கைத் தன் முன்காலாற் துடைப்பதால் அவ்விடத்து மயிர் ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடக்கும். முன்காலே முயலின் கைக்குட்டை. மேல்தாடையின் முன்பற்கள் கீழ்ப்பற்களின்மேல் சற்றே படிந்து நிற்கவேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. ஒன்றோடொன்று பொருந்தித் தேயாவிடின் வளைந்து வளர்ந்து கன்னத்தையும் நாவையும் குத்தும். மேல்தாடை முன்பற்களின் பின்னே ஒளிந்து நிற்கும் இரு சிறு பற்களையும் பார்க்கலாம்; முயல் எலிக்குடும்பத்தைச் சேராது தனி வரிசையாதற்கு அவையே அடையாளம். காதினுள் பொருக்கு இருப்பின் உண்ணித் தொல்லை; தலை ஒருபுறம் சாய்ந்திருப்பின் காதின் உட்பகுதியிலோ மூளையிலோ நோய்; பின்புறம் அழுக்குப் படிந்திருப்பின் வயிற்றுக் கோளாறு.

முயலைத் தூக்கும் முறையையும் வாங்கும் அன்றே கற்கவேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. முயலின் எலும்புகள் மெல்லியவை. பின்னங்காற் தசைகளோ வலியவை. பிடிப்பின்றித் தொங்கும் முயல் அஞ்சி உதைக்குமாயின், அவ்வுதையின் வலிமையே அதன் முதுகெலும்பை முறித்துவிடும். ஒரு கை மார்பின் கீழும், மற்றொரு கை பின்புறத்தைத் தாங்கியும் இருக்க, உடலோடு அணைத்துத் தூக்குக. தரையில் அமர்ந்து அதனைத் தானே வரவிடுவது இன்னும் நன்று.

இனி, இணக்குவிக்கும் கலைக்கு வருவோமாயின், அதில் அவசரத்திற்கு இடமே இல்லை. வீட்டில் முன்னரே ஒரு பெண்முயல் இருக்கின்றது, அதற்குத் துணையாக ஆண்முயல் ஒன்று வந்திருக்கின்றது எனக் கொள்க. வந்த முயலைப் பழைய முயலின் கூண்டிற்குள் விடுவது, பிறர் வீட்டிற்குள் முன்பின் அறியாதான் ஒருவனை நள்ளிரவில் தள்ளிவிடுவதற்கு ஒப்பாகும். முயலின் உலகம் மணத்தாலானது. தாடையின் கீழும் கவட்டிலும் மணச்சுரப்பிகள் உண்டு. நாற்காலிக் காலிலும் சுவர் மூலையிலும் அது தாடையைத் தேய்ப்பது கொஞ்சுவதற்கன்று. 'இஃது என்னுடையது' என்று ஆவணம் எழுதுவதற்கே. அவ்வாறு அங்குலம் அங்குலமாகப் பட்டா எழுதி வைத்த நிலத்தில் புதியவன் காலெடுத்து வைப்பதை அது பொறுக்குமா?

ஆகையால் முதற்கண் இரண்டையும் தனித்தனிக் கூண்டுகளில் அடுத்தடுத்து வைத்தல் வேண்டும். கம்பி வழியே மூக்கைக் கடித்துவிடாதபடி இடையே நான்கு விரற்கடை இடைவெளி விடுவது நல்லது. நாள்தோறும் ஒன்றின் படுக்கை வைக்கோலையும் கழிவுத் தட்டையும் மற்றொன்றின் கூண்டிற்கு மாற்றுக. பின்னர்க் கூண்டுகளையே மாற்றுக. ஒன்றின் உடல் மணம் மற்றொன்றின் வீட்டு மணமாகிவிடும். உணவைக் கம்பியின் இருமருங்கும் அருகருகே வைத்தால், எதிரே ஒருவன் இருக்கும்பொழுதே வயிறு நிறைகின்றது என்னும் எண்ணம் மெல்ல மெல்லப் பதியும். முதலில் சீறலும் நிலத்தை அறைதலும் இருக்கும். ஒரு நாள் இரண்டும் தத்தம் கூண்டில், கம்பியை ஒட்டி, முதுகோடு முதுகாகப் படுத்திருக்கக் காணலாம். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம். ஒரு திங்களும் ஆகலாம். அந்நாள் வரும்வரை கதவைத் திறத்தல் ஆகாது.

நேரிற் சந்திக்கும் இடம் இரண்டிற்கும் புதியதாதல் வேண்டும். அதுவரை எம்முயலும் கால் வைக்காத ஓர் அறையோ, குளியலறையோ, தாழ்வாரத்தில் வேலி அடைத்த ஒரு பகுதியோ ஏற்றது. தரை வழுக்குமாயின் சாக்கோ பாயோ விரிக்க. பெரிய குவியலாக வைக்கோல் இடுக. இருபுறமும் வழியுள்ள அட்டைப் பெட்டிகளை வைக்க. ஒரே வாயிலுள்ள பெட்டி பொறியாகிவிடும்; உள்ளே அகப்பட்ட முயல் வேறு வழியின்றிப் போரிடும். முதற் சந்திப்பு பத்து நிமிடம் போதும். அருகே அமர்பவர் கையில் தடித்த உறை அணிந்து, ஒரு துண்டும் அகன்ற பலகையும் வைத்திருத்தல் வேண்டும்; சண்டையிடும் முயல்களுக்கிடையே வெறுங்கையை நீட்டினவர் அதன் பல்லின் கூர்மையை மறக்கமாட்டார்.

அங்கே நிகழ்பவற்றைப் பொருள் அறிந்து பார்க்கவேண்டும். ஒன்று மற்றொன்றைச் சிறிது துரத்தும், முதுகின்மேல் ஏறும், வாயில் ஒரு கொத்து மயிரோடு திரும்பும். இதனைக் கண்டு பதறுதல் வேண்டா. யார் முன், யார் பின் என்னும் வழக்கை அவை தீர்த்துக்கொள்கின்றன. பெண்முயல் ஆணின்மேல் ஏறுவதும் உண்டு. அது காமமன்று, அதிகாரம். ஏறும் முயல் தலைமாறி, மற்றதன் முகத்தின்மேல் ஏறுமாயின் உடனே மென்மையாக இறக்கிவிடல் வேண்டும். கீழிருக்கும் முயல் கடித்துப் பெருங்கேடு விளையக்கூடும். காதுகளைப் பின்னே மடித்து, வாலை நிமிர்த்தி, இரண்டும் ஒன்றன் பின்புறத்தை ஒன்று நோக்கி வட்டமிடத் தொடங்கினால் அது போரின் தொடக்கம். அக்கணமே பலகையை இடையே செருகிப் பிரித்துவிடவேண்டும். ஒருமுறை குருதி சிந்திய சண்டையை முயல் எளிதில் மறப்பதில்லை. அத்தகைய நிலையில் மீண்டும் முதலிலிருந்து, கம்பிக் காலத்திலிருந்து, தொடங்கவேண்டியதுதான்.

நல்ல அறிகுறிகள் ஆரவாரமின்றி வருவன. இரண்டும் ஒன்றையொன்று கவனியாதன போல் தத்தம் உடலை நக்கிக்கொள்வதே முதல் வெற்றி. பகைவன் முன் எவ்வுயிரும் முகம் கழுவிக்கொண்டிராது. பின்னர் ஒரே வைக்கோற் குவியலில் தின்னும். பின்னர் ஒன்று மற்றதன் எதிரே சென்று தலையைத் தரையோடு தாழ்த்தி வைக்கும். பணிவு என்று தோன்றும் அச்செயல் உண்மையில் 'என் நெற்றியை நக்கு' என்னும் கட்டளையாகும். தலைமை உடைய முயலே பெரும்பாலும் அவ்வாறு கேட்கும். இரண்டும் தலை தாழ்த்தி, யாரும் நக்காமல் நெடுநேரம் கிடக்கும் காட்சியும் உண்டு. கடைசியில் ஏதேனும் ஒன்று இணங்கி நாவை நீட்டும்பொழுது வழக்கு முடிந்தது எனலாம். ஒவ்வொரு சந்திப்பையும் அமைதியாக இருக்கும் வேளையிலேயே முடித்துப் பிரித்தல் வேண்டும். நாள்தோறும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டல் வேண்டும்.

முயல்களை ஒரு பெட்டியிலிட்டு வண்டியில் ஏற்றிச் சுற்றினால் விரைவில் இணங்கும் என்று கூறுவோர் சில நாடுகளில் உளர். குலுங்கும் வண்டியில் அஞ்சி நடுங்கும் முயல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பது உண்மையே. வெள்ளத்தில் மிதக்கும் மரக்கட்டையில் பாம்பும் எலியும் ஒட்டி நிற்கும். வெள்ளம் வடிந்தபின் அவை எவ்வாறு பிரியும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பல மணி நேரம் சண்டையின்றிக் கழிந்து, இரண்டும் அணைந்து படுத்து உறங்கிய பின்னர், ஓர் இரவும் பகலும் முழுவதும் ஒருவர் கண்காணிப்பில் அவற்றை அப்புது இடத்திலேயே விட்டுப் பார்க்கவேண்டும். அதன்பிறகே நிலையான இருப்பிடம். பழைய கூண்டாயின் காடி நீரால் நன்கு கழுவி, பொருள்களின் இடத்தை மாற்றி வைத்து, முந்திய பட்டாவை அழித்துவிட்டுக் குடியேற்றுக. இங்கிலாந்திலுள்ள முயல் நலச் சங்கத்தார் ஒரு சோடிக்கு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமுமேனும் உள்ள இடம் வேண்டும் என்கின்றனர். அடி நீட்டிப் படுக்கவும், மூன்று தாவல் தாவவும், பின்கால் ஊன்றி நிமிர்ந்து நோக்கவும் இயலாத கூட்டில் நட்புக்கொண்ட முயல்களும் பகைத்துக்கொள்ளும். கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்ப்போர் அஞ்சவேண்டியது வெயிலுக்கே. முயலுக்கு வியர்ப்பதில்லை, காதுகளின் வழியேதான் உடற்சூடு வெளியேறும். வெப்பம் 30 பாகையைத் தாண்டும்பொழுதே அதற்கு இளைப்புத் தோன்றும். சித்திரை வைகாசிப் பகலில் தகரக் கூரையின்கீழ் வைக்கப்பட்ட முயல் சில மணி நேரத்தில் உயிரிழக்கும். கீற்றுக் கொட்டகை, ஈரச்சாக்குத் திரை, குளிர்ந்த ஓடு, மண்சட்டியில் இரண்டு இடங்களில் தண்ணீர் ஆகியவை செலவில்லாத பாதுகாப்புகள். இரண்டு முயல்கள் உள்ள இடத்தில் எதுவும் இரண்டாக இருத்தல் நலம். உணவில் பெரும்பங்கு உலர்புல்லும் பசும்புல்லுமே. படங்களிற் காணும் முயல் காரட் கடித்துக்கொண்டிருப்பினும், இனிப்பு மிகுந்த அக்கிழங்கு அதற்குத் தின்பண்டமேயன்றிச் சோறன்று.

இணைந்த முயல்களை எக்காரணத்தாலும் பிரித்தல் ஆகாது. ஒன்றுக்கு நோய் வந்தால் இரண்டையும் ஒரே கூடையில் மருத்துவரிடம் கொண்டுசெல்வதே வழக்கமாதல் வேண்டும். ஓரிரவு மருத்துவமனையில் தங்கித் திரும்பிய முயலிடம் மருந்து மணமே மிகுந்திருக்கும். வீட்டிலிருந்தது அதனை அந்நியனாகக் கருதிப் பாய்ந்துவிடும். பல வாரத்து உழைப்பு ஒரு நொடியில் வீணாகும்.

முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இரண்டும் ஒரே நாளில் இறப்பதில்லை. துணை மாண்டபொழுது உடலை உடனே அகற்றிவிடாமல், தொற்றுநோய் இல்லையாயின், எஞ்சிய முயலை அதன் அருகே சில மணி நேரம் இருக்கவிடுதல் நன்று. அது மோந்து பார்க்கும், நக்கும், சில வேளைகளில் அருகிலேயே படுத்துக்கொள்ளும், பின்னர்த் தானே விலகிச் செல்லும். அவ்வாறு அறியாத முயல் இழந்த துணையைத் தேடி வீட்டைச் சுற்றுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். அந்நாட்களில் அதன் உணவுத் தட்டையும் புழுக்கையையும் ஒவ்வொரு வேளையும் பார்த்தல் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாத முயலின் குடல் நின்றுவிடும் நிலையில் இருக்கும். நாளை பார்ப்போம் என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்க. அது மீண்டும் உண்ணத் தொடங்கிய பின்னர், வேறொரு முயலின் கூண்டை அதன் கூண்டிற்கு அருகே, நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, வைக்கலாம்.